கச்சான் வெக்கையிலும் தாங்கும் வோல்டேஜ்: ஓவர்க்ளொக் செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு டிசம்பர் மாத மழையில், திருகோணமலை உப்புவெளியில் உள்ள அக்கா வீட்டில், மருமகனின் கம்ப்யூட்டரை ஓவர்க்ளொக் செய்து, அதாவது ப்ரோசஸரைத் தொழிற்சாலை வேகத்துக்கு மேல் ஏற்றி, 4.9 கிகாஹெர்ட்ஸில் ஓடவிட்டேன். கொடுத்தது 1.28 வோல்ட். இரவு முழுக்கச் சோதனை ஓடியது, ஒரு பிழைகூட வரவில்லை. இனி இதில் கை வைக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஜூன் மாதம், கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசிய ஒரு மத்தியானம், அவன் ஒரு கலியாண வீடியோவை ரெண்டர் செய்துகொண்டிருந்தபோது விண்டோஸ் செயலிழந்து நீலத்திரை வந்தது. மறுபடி ஓடவிட்டான், மறுபடியும் அதே. பின்னேரம் ஃபோன் எடுத்து, “மாமா, மாரியில் ஓடினது இப்ப ஏன் ஓடுதில்லை?” என்று கேட்டான்.

செட்டிங் எல்லாம் அப்படியேதான் இருந்தது. அறை மட்டும் 26 பாகையிலிருந்து 34 பாகைக்குப் போயிருந்தது. காற்றால் குளிரூட்டும் ஹீட்சிங்க் அறைக் காற்றை வைத்துத்தான் வேலை செய்ய முடியும். அறை 8 பாகை ஏறினால் ப்ரோசஸரும் ஏறக்குறைய அதே 8 பாகை ஏறும். சூடு ஏறினால், ஓவர்க்ளொக் செய்யும் வோல்டேஜ் அளவுகளில், டிரான்சிஸ்டர்கள் என்ற நுண்ணிய சுவிட்சுகள் சற்று மெதுவாகத்தான் மாறும்; கசியும் மின்சாரமும் கூடும். அதே வேகத்தைப் பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் வோல்ட் வேண்டியிருக்கும். அந்தக் கொஞ்சம் டிசம்பரில் தேவைப்படவில்லை, ஜூனில் தேவைப்பட்டது.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான வழிகாட்டிகள் 20, 22 பாகை அறையில் உட்கார்ந்து எழுதப்பட்டவை. அந்த எண்களை அப்படியே இங்கே போட்டால் மாரிக்குத் தாங்கும், கோடைக்குத் தாங்காது. திருகோணமலையில் வோல்டேஜ் தேட வேண்டிய நேரம் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்கள், மத்தியானம் 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், அந்த அறையை வழக்கமாக எப்படி வைத்திருப்பீர்களோ அப்படியே வைத்துக்கொண்டு. குளிரூட்டி இல்லாத அறை என்றால் இல்லாமலே. மாரியில்தான் செய்தாக வேண்டும் என்றால், கடைசியில் விடும் இடைவெளியைக் கூட்ட வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

தொடங்குமுன்: உங்கள் ப்ரோசஸர் இதற்கு இடம் கொடுக்குமா?

இன்டெலில் பெயரின் முடிவில் ‘கே’ உள்ள ப்ரோசஸரும் ‘இசட்’ வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலான ப்ரோசஸர்கள் திறந்தே இருக்கும். போர்ட் மட்டும் ஏ320, ஏ520 போன்றதாக இருக்கக் கூடாது, பி அல்லது எக்ஸ் வரிசை வேண்டும். 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி இரண்டிலும் பெருக்கி (வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) பூட்டியிருக்கும். அவற்றில் வோல்ட்டை ஏற்ற முயலவே வேண்டாம், மேலே அடுக்கிய கேஷ் நினைவகம் கூடுதல் வோல்ட்டைத் தாங்காது.

இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடுமுன் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ப்ரோசஸர்கள் தேவைக்கு மேல் வோல்ட் கேட்டு நாளடைவில் பழுதாகும் சிக்கல் இருந்தது. 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோட், அதாவது ப்ரோசஸரின் உள்மென்பொருள், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்க விடாமல் தடுத்தது. அதற்குப் பிறகும் திருத்தங்கள் வந்தன. ஏற்கனவே பழுதான ப்ரோசஸரை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. நிலையற்ற ப்ரோசஸருக்கு நிலையான வோல்ட் தேடி நாட்களை வீணாக்காதீர்கள், உத்தரவாதத்தில் மாற்றிக் கேளுங்கள்.

பயோஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்ட் எழும்பாமல் போகலாம். 2022 மின்வெட்டில் மணிக்கணக்கில் இருட்டில் இருந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நான் இங்கே உதாரணமாக எடுப்பது மருமகனின் ஐ5 9600கே. ஆறு கோர், 95 வாட், எல்லாக் கோர்களும் ஓடும்போது தொழிற்சாலை வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ். இசட்390 போர்ட், இரட்டைக் கோபுர ஏர் கூலர். என் எண்கள் அந்த ஒரு ப்ரோசஸருக்கானவை. ஒரே பெட்டி, ஒரே மாடல் என்றாலும் இரண்டு ப்ரோசஸர்களுக்கு ஒரே வோல்ட் அமையாது. எண்ணை எடுக்காமல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தூசியும் உப்பும்

கடற்கரைக்கு அருகில் இருக்கும் வீடுகளில் ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையில் வெறும் தூசி படிவதில்லை; உப்பு ஈரத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது. கூலரைக் கழற்றி, தகடுகளை மென்மையான தூரிகையால் துடைத்து, ப்ரோசஸருக்கும் கூலருக்கும் இடையில் பூசும் தேர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் போடுங்கள். மருமகனின் பெட்டியில் இது மட்டுமே 6 பாகை குறைத்தது. வோல்ட் தேடுமுன் செலவில்லாமல் கிடைக்கும் 6 பாகை அது.

பவர் சப்ளையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பவர் சப்ளைகள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், ஆகவே பின்னேரத்தில் வீட்டு மின்சாரம் 230இலிருந்து கொஞ்சம் இறங்குவது பிரச்சினையாகாது. முக்கியம் அதன் 12 வோல்ட் வழி. முழுச் சுமையில் 11.4க்குக் கீழே போகக் கூடாது. போனால் ப்ரோசஸர் வோல்ட்டை எவ்வளவு ஏற்றினாலும் நீலத்திரை நிற்காது. மென்பொருள் காட்டும் 12 வோல்ட் அளவு சில போர்டுகளில் பிழையாக இருக்கும், சந்தேகம் வந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

படி 2: தொழிற்சாலை நிலையை எழுதி வையுங்கள்

ஒரு கொப்பி எடுங்கள். வெப்பநிலை, வோல்ட் போன்ற அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ, ப்ரோசஸருக்குச் சுமை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23, பிரைம்95 மூன்றையும் நிறுவுங்கள். பயோஸில் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுபோய், சினிபெஞ்ச்சை 10 நிமிடம் ஓடவிட்டு ஐந்து விடயங்களை எழுதுங்கள்: அறை வெப்பநிலை, மிகச் சூடான கோரின் வெப்பநிலை, சுமையில் வீகோர் (கோர்களுக்குக் கிடைக்கும் வோல்ட்), வாட், சினிபெஞ்ச் புள்ளி. அறை வெப்பநிலைக்கு ஒரு சின்னத் தேர்மோமீட்டர் போதும். அந்த ஒன்றை எழுதாமல் விட்டதுதான் டிசம்பரில் நான் செய்த பிழை.

சராசரி வெப்பநிலையைப் பார்க்காதீர்கள். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறு பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஆறு கோரும் அப்படித்தான், ஒன்றுக்கொன்று 7, 8 பாகை வித்தியாசம் சாதாரணம். முதலில் தடுமாறப்போவது பெரும்பாலும் மிகச் சூடான கோர்.

படி 3: பயோஸைத் தயார் செய்தல்

ரேமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பியை நிறுத்துங்கள். ரேமும் ப்ரோசஸரும் ஒரே நேரத்தில் வேகம் கூட்டப்பட்டிருந்தால் எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. பெருக்கியை எல்லாக் கோருக்கும் ஒன்றாக வையுங்கள். பிசிஎல்கே, அதாவது பெருக்கியால் பெருக்கப்படும் அடிப்படை வேகம், 100 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்கட்டும்; பெருக்கி 48 என்றால் 4.8 கிகாஹெர்ட்ஸ். கேஷ் வேகத்தைத் தொடாதீர்கள். கனமான ஏவிஎக்ஸ் கணக்குகளின்போது வேகத்தைக் குறைக்கும் ஏவிஎக்ஸ் ஓஃப்செட்டை 0 ஆக்குங்கள். வீகோரை ஃபிக்ஸ்ட் என்ற மாறாத முறையில் வைத்து 1.20 கொடுங்கள்.

பவர் லிமிட்டை உயர்த்த மறக்காதீர்கள். இது பலர் விழும் குழி. லிமிட் 95 வாட்டிலேயே இருந்தால், சுமை கூடும்போது போர்ட் தானாக வேகத்தைக் குறைத்துவிடும். 4.8இல் சோதனை தேறியது என்று நாம் நினைப்போம், உண்மையில் 4.4இல்தான் ஓடியிருக்கும். சோதனை ஓடும்போது எச்டபிள்யூ இன்ஃபோவில் எஃபெக்டிவ் க்ளொக் என்ற வரியைப் பாருங்கள். அது நீங்கள் போட்ட வேகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது.

படி 4: எல்எல்சி

வழிகாட்டியில் இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். வோல்டேஜ் என்று பயோஸில் நாம் போடும் எண் ப்ரோசஸருக்குக் கிடைக்கும் எண் அல்ல. சுமை ஏறி மின்னோட்டம் பாயும்போது வோல்டேஜ் இயல்பாகவே சரியும். 1.25 போட்டால் முழுச் சுமையில் 1.18தான் கிடைக்கலாம். இந்தச் சரிவைக் குறைக்கும் வசதிதான் லோட் லைன் கலிப்ரேஷன், சுருக்கமாக எல்எல்சி.

சரிவு கெட்டது என்று நினைத்து, எல்எல்சியை உச்சத்தில் வைத்துவிடத் தோன்றும். வேண்டாம். சுமை திடீரென்று விடுபடும் கணத்தில் வோல்டேஜ் மேல்நோக்கித் துள்ளும். எல்எல்சி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு உயரத் துள்ளும், சுமை ஏறும் கணத்தில் அதே அளவு கீழேயும் குதிக்கும். மைக்ரோசெக்கன்களில் நடப்பதால் எந்த மென்பொருளும் அதைக் காட்டாது. ரெண்டர் முழுக்கத் தேறிவிட்டு, ரெண்டர் முடிந்த அடுத்த நொடி கம்ப்யூட்டர் விழுகிறது என்றால் நான் முதலில் எல்எல்சியைத்தான் சந்தேகிப்பேன். கொஞ்சம் சரிவு இருப்பது ப்ரோசஸருக்குப் பாதுகாப்பு.

நடு அளவில் வையுங்கள். சுமையில் 30 முதல் 50 மில்லிவோல்ட் சரிந்தால் அது ஆரோக்கியமான அளவு என்பது என் அனுபவம். எண்களில் ஏமாறாதீர்கள்: ஆசூஸ் போர்டுகளில் எண் கூடக்கூட எல்எல்சி இறுக்கம், ஆஸ்ராக்கிலும் எம்எஸ்ஐயிலும் 1 என்பதுதான் மிக இறுக்கம். பெரும்பாலான போர்டுகளின் பயோஸிலேயே சிறிய வரைபடம் காட்டும், அதைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

எல்எல்சியை ஒருமுறை தெரிவு செய்தபின் தேடல் முடியும்வரை மாற்றக் கூடாது. நடுவில் மாற்றினால் கொப்பியில் எழுதிய அத்தனை எண்ணும் பயனற்றுப் போகும். இனிமேல் எழுதும் ஒவ்வொரு வரியிலும் இரண்டு வோல்ட் இருக்கட்டும்: போட்டது, சுமையில் கிடைத்தது.

படி 5: மேலோட்டமான ஏற்றம்

1.20 வோல்ட்டில் வைத்துக்கொண்டு பெருக்கியை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் 10 நிமிட சினிபெஞ்ச். விழும்போது வோல்ட்டை 0.01 ஏற்றி மறுபடி பாருங்கள். ஜூன் மாத மத்தியானத்தில், 34 பாகை அறையில், நானும் மருமகனும் கொப்பியில் எழுதியது இது. 4.7க்கு 1.20 போதும். 4.8க்கு 1.25 ஆயிற்று. 4.9க்கு 1.31. 5.0க்கு 1.38 வேண்டியிருந்தது, ஆனால் ஒரு கோர் 96 பாகையைத் தொட்டதால் நிறுத்தினோம்.

இந்த வரிசையை மெதுவாகப் படித்தால் முடிவு அதிலேயே தெரியும். ப்ரோசஸர் எடுக்கும் மின்சக்தி வேகத்தோடு நேராகவும், வோல்ட்டின் வர்க்கத்தோடும் கூடும். 1.25ஐ 1.38ஆல் மாற்றினால் வர்க்கம் 1.22 மடங்கு, வேகம் 4.8இலிருந்து 5.0 என்றால் 1.04 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 27 சதவீதம் கூடுதல் சூடு, கிடைத்த வேகம் 4 சதவீதம். குளிர்நாட்டில் இருப்பவர் அந்த 4 சதவீதத்தை வாங்கிக்கொள்ளலாம். நமக்குக் கட்டாது.

ஒவ்வொரு ப்ரோசஸருக்கும் இப்படி ஒரு வளைவு இருக்கும். ஒரு பெருக்கிக்கு 0.05 வோல்ட்டுக்கு மேல் கேட்கத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நின்றுவிடுங்கள். மருமகனுக்கு 5.0 என்ற எண்ணில் ஆசை. வீடியோ வேலைக்கு நடுவில் விழாத 4.8தான் வேண்டும் என்று அவனே கடைசியில் சொன்னான்.

இந்தத் தலைமுறை 14 நானோமீட்டர் இன்டெல்லுக்கு, தினசரிப் பாவனைக்கு, 1.35 வோல்ட்டை நான் தாண்டுவதில்லை. இந்த ப்ரோசஸர் 100 பாகையில் தானாக வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும், ஆனால் அதை எல்லையாக எடுக்காதீர்கள். மத்தியானத்தில் உண்மையான வேலையின்போது 85, பிரைம்95இல் 92. இவைதான் நான் வைத்திருக்கும் கோடுகள்.

படி 6: நுணுக்கமான தேடல்

வேகத்தைத் தெரிவு செய்தாயிற்று, 4.8. இனி அதற்கான குறைந்தபட்ச வோல்ட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். 1.25 சினிபெஞ்ச்சில் தேறியது. அது வெறும் 10 நிமிடம். 1.23க்கு இறங்கி, 0.005 வீதம் ஏறிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பிரைம்95இல் ப்ரோசஸரை நன்றாகச் சூடேற்றும் ஸ்மோல் எஃப்எஃப்டி சோதனையை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். எங்களுக்கு 1.23இல் உடனேயே விழுந்தது. 1.24இல் 40 நிமிடம் தாங்கி ஒரு வேர்க்கர் (ஒரு கோரில் ஓடும் சோதனை) பிழையோடு நின்றது. 1.245இல் பிரைம்95 தேறியது, ஆனால் விண்டோஸின் பிழைப் பதிவேடான இவென்ட் வியூவரில் வீயா-லொகர் (WHEA-Logger) என்ற பெயரில் 19ஆம் எண் பதிவுகள் இருந்தன. 1.25இல் எல்லாம் சுத்தம்.

அந்த 19ஆம் எண்ணை வடிவாகக் கவனியுங்கள். ப்ரோசஸர் ஒரு பிழை செய்து, தானே திருத்திக்கொண்டது என்று அது சொல்கிறது. திரையில் எதுவும் தெரியாது, வேலையும் நிற்காது. ஆனால் திருத்த முடியாத பிழைக்கு அது ஒரு படி முன்னால். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் இவென்ட் வியூவரைத் திறந்து பார்க்காமல் தேறிவிட்டது என்று எழுதக் கூடாது.

விழும் விதமும் பேசும். வீயா அன்கரெக்டபிள் எரர், க்ளொக் வாட்ச்டொக் டைம்அவுட் என்ற நீலத்திரைகள் வந்தால் பெரும்பாலும் வீகோர் போதவில்லை. மெமரி மேனேஜ்மென்ட் என்று வந்தால் முதலில் ரேமைப் பாருங்கள். நீலத்திரையே இல்லாமல் கம்ப்யூட்டர் சட்டென்று அணைந்தால் பவர் சப்ளையோ வோல்டேஜ் ரெகுலேட்டரின் சூடோ காரணமாக இருக்கலாம். அதற்கு வோல்ட்டை ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

பயோஸுக்கே போக முடியாமல் திரை கறுப்பாக நின்றால் பயப்படத் தேவையில்லை. கரண்டை முழுதாக நிறுத்தி, போர்டில் உள்ள வட்ட பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்திருந்து மறுபடி போடுங்கள், எல்லாம் டிஃபால்ட்டுக்குத் திரும்பும்.

குறைந்தபட்சம் கிடைத்ததும் அதன்மேல் இடைவெளி விடுங்கள். சூடான மாதத்தில் தேடியவர்கள் 0.02 விட்டால் போதும், ஆகவே எங்களுக்கு 1.27. மாரியில் தேடியவர்கள் 0.03 அல்லது 0.035 விடுங்கள், பிறகு மே மாதத்தில் ஒருக்கா மறுபடி சோதியுங்கள்.

இதன்பின் நீண்ட சோதனை. ரேமையும் சேர்த்துச் சோதிக்கும் பிரைம்95 பிளெண்ட் ஆறு மணி நேரம். அதோடு, நீங்கள் உண்மையில் செய்யும் வேலையை ஓடவிடுங்கள். மருமகனுக்கு அது அதே கலியாண வீடியோ, அதே மத்தியான நேரம். விளையாடுபவர்கள் இரண்டு மணி நேரம் விளையாடிப் பாருங்கள். ஒரே சீரான சுமையில் தேறும் கம்ப்யூட்டர், ஏறி இறங்கும் சுமையில் தடுமாறுவது உண்டு.

படி 7: ஃபிக்ஸ்டிலிருந்து அடாப்டிவுக்கு

ஃபிக்ஸ்ட் முறையில் பல போர்டுகள் சும்மா இருக்கும்போதும் 1.27 கொடுத்துக்கொண்டே இருக்கும். தேடலுக்கு அது நல்லது, நாளாந்தப் பாவனைக்கு நல்லதல்ல. வேலைக்கு ஏற்ப வோல்ட்டை மாற்றும் அடாப்டிவ் அல்லது ஓஃப்செட் முறைக்கு மாற்றி, சுமையில் கிடைக்கும் வோல்ட் கொப்பியில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சில போர்டுகள் ஏசி லோட்லைன் என்ற இன்னொரு அமைப்பைத் தானாக ஏற்றி வைத்து, 1.27 கேட்டால் 1.35 கொடுத்துவிடும். அப்படி நடந்தால் அந்த அமைப்பைக் குறைத்து எண் ஒத்துப்போகும்வரை சரிசெய்யுங்கள்.

பிறகு ஓர் இரவு எந்த வேலையும் இல்லாமல் கம்ப்யூட்டரை விட்டுவையுங்கள். ஸ்லீப்பில் போட்டு எழுப்பிப் பாருங்கள். ஓஃப்செட்டைக் கீழ்நோக்கிப் போட்டவர்களுக்குச் சுமையில் எல்லாம் சரியாக இருந்து, சும்மா இருக்கும்போது விழும் சிக்கல் வரும்.

படி 8: ரேம்

எக்ஸ்எம்பியைத் திரும்பப் போடுங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நாலு சுற்று ஓடட்டும். எக்ஸ்எம்பி போட்டதும் ரேம் கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் வோல்ட்டுகளான விசிசிஐஓ, விசிசிஎஸ்ஏ இரண்டையும் போர்ட் தேவைக்கு மேல் ஏற்றிவிடலாம், 1.2க்கு மேல் தெரிந்தால் கையால் குறைத்துவிடுங்கள்.

ரைசன் வைத்திருப்பவர்களுக்கு

ரைசனில் எல்லாக் கோருக்கும் ஒரே வேகம், ஒரே வோல்ட் என்று கட்டிப்போடுவது நல்ல வழி என்று நான் நினைக்கவில்லை. ஒற்றைக் கோர் வேகத்தை இழந்துவிடுவீர்கள். சும்மா இருக்கும்போது 1.45, 1.5 வோல்ட் தெரிவதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. ஒரு கோர் கணநேரம் வேகமெடுக்கும்போது அது இயல்பு. அதே 1.45ஐ எல்லாக் கோருக்கும் நிலையாகக் கொடுப்பதுதான் ப்ரோசஸரைக் கெடுக்கும்.

5000 வரிசை முதல் கேர்வ் ஒப்டிமைசர் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக வோல்ட்டைக் குறைக்கலாம், ஒரு எண் ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட். எல்லாவற்றுக்கும் மைனஸ் 10 வைத்துத் தொடங்கி, கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியால் ஒவ்வொரு கோராகச் சோதியுங்கள். விழும் கோருக்கு மட்டும் எண்ணைத் தளர்த்துங்கள். நம் வெக்கைக்கு இது மிகப் பொருத்தம், சூடு குறையக் குறைய ப்ரோசஸர் தானாகவே வேகம் எடுக்கும்.

7000 வரிசைக்காரர்கள், ரேம் கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2023இல் சில எக்ஸ்3டி ப்ரோசஸர்கள் எரிந்தபின் ஏஎம்டியே அந்த எல்லையை பயோஸில் கொண்டுவந்தது.

பிறகு எப்போதாவது விழுந்தால்

ஒரு வருடம் நன்றாக ஓடிய செட்டிங் திடீரென்று விழுந்தால் உடனே வோல்ட்டை ஏற்றாதீர்கள். கேஸைத் திறந்து தகடுகளைப் பாருங்கள், காற்றாடி சுற்றுகிறதா என்று பாருங்கள், அறை வெப்பநிலையை அளந்து கொப்பியோடு ஒப்பிடுங்கள். அதே அறை வெப்பநிலையில் மிகச் சூடான கோர் 5 பாகைக்கு மேல் ஏறியிருந்தால் சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. சூடு முன்புபோலவே இருந்தும் விழுகிறது என்றால், ப்ரோசஸர் மெல்லத் தேய்ந்திருக்கலாம். அப்போது பெருக்கியை ஒன்று குறைத்துவிடுங்கள். மருமகனின் கேஸின் உட்புறத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறோம்: பெருக்கி 48, 1.27, சுமையில் 1.23, அறை 34, மிகச் சூடான கோர் 83. அடுத்த முறை திறப்பவர் யாராக இருந்தாலும் அங்கிருந்து தொடங்கலாம்.